பதில்: நான்கு ரேம் போட்டதும் 6000 நிற்கவில்லை

வணக்கம் நண்பரே. உங்களிடம் இருப்பது ரைசன் 7700 சிபியு, பி650 போர்டு. 16 ஜிபி ரேம் இரண்டு நன்றாக ஓடியது, கோலாலம்பூர் லோயாட் கடைத்தொகுதியில் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டதும் எக்ஸ்போவில் (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில், இங்கே 6000-இல், ஓட்டும் பயாஸ் அமைப்பு) நீலத்திரை. 6400 வேக ரேமுக்கு மாறினால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

ஆகாது. ரேம் பழுது என்றும் தோன்றவில்லை. இந்த சிபியுவில் இரண்டு ரேமுக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி உறுதி தருவது 5200 வேகம், நான்குக்கு வெறும் 3600. ரேம் பெட்டியில் போட்டிருக்கும் 6000 ஒரு ஜோடிக்கு மட்டும் சோதித்தது. மாடல் பெயர் ஒன்றானாலும் உள்ளே சில்லு வேறாக இருக்கலாம்.

நான்கையும் வைத்துக்கொள்வதானால் எக்ஸ்போவை அணைத்து, பயாஸில் கையால் 4800 போடுங்கள். மெம்டெஸ்ட்86 (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தால் 5200. எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. மாற்றியபின் முதல் பூட்டில் திரை சில நிமிடம் கறுப்பாகவே கிடக்கும். ரேம் டிரெய்னிங் அது, போர்டு ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது; பதறிப்போய் சுவிட்சை அணைக்காதீர்கள். சோதனையை ஏர்கான் இல்லாத மதிய வேளையில் செய்யுங்கள். இரவில் தேறும் ரேம் நம்மூர் பகல் சூட்டில் பிழை காட்டக்கூடும்.

6400 சிஎல்32-க்குக் காசு கொட்ட வேண்டாம். சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை; அதை வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் தாமதம் தெரியும். 32×2000÷6400 = 10 நானோ நொடி; 6000 சிஎல்30-க்கும் அதே 10. போதாக்குறைக்கு, 6000-க்கு மேல் பல போர்டுகள் மெமரி கன்ட்ரோலரைத் தானாகவே பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். ஆனால் 6000 சிஎல்36 என்றால் 12; விலை வித்தியாசம் கொஞ்சமென்றால் சிஎல்30-தான்.

64 ஜிபி கட்டாயம் தேவையா? புது ஜோடியைக் கடை திரும்ப எடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தால் பழையதையும் விற்றுவிட்டு 2×32 வாங்கி, சிபியுவிலிருந்து 2-ஆம், 4-ஆம் ஸ்லாட்டில் போடுங்கள்.