சிறிய பாடகர் குழுவை வைத்துக்கொண்டு ஒன்பது பாடங்கள் கேரல் ஆராதனையை எப்படி நடத்துவது?

கேள்வி இதுதான்: ஆங்கிலிக்கன் சபை ஒன்று, பாடகர் குழுவில் பன்னிரண்டு பேர், அதில் டெனர் (ஆண்களில் மேல் குரல் பாடுபவர்) ஒரே ஒருவர். கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது பாடங்களும் (வேத வாசிப்புகள்) கேரல்களும் (கிறிஸ்துமஸ் பாடல்கள்) கொண்ட ஆராதனையை ஒழுங்காக நடத்த முடியுமா?

முடியும். ஆனால் பெரும்பாலான சபைகள் தவறான இடத்தில் உழைக்கின்றன. இரண்டு மாதம் கேரல்களை மட்டும் பயிற்சி செய்வார்கள். ஆராதனை சொதப்புவதோ ஒரு பாட்டு முடிந்து அடுத்த வாசிப்பு தொடங்கும் இடைவெளியில்தான்.

முதலில் கணக்கு. ஒன்பது வாசிப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய பதினைந்து நிமிடம். சபையார் பாடும் கீதங்கள் ஐந்து என்றால் பதினெட்டு நிமிடம், குழு தனியாகப் பாடுவது நான்கு என்றால் பன்னிரண்டு. தொடக்க ஜெபம், முடிவு ஜெபம், ஆசீர்வாதம் எல்லாம் சேர்த்து ஆறு. மொத்தம் ஐம்பது சொச்சம். இந்தக் கணக்கில் வராதது ஒன்று உண்டு. வாசிப்பவர் தன் இருக்கையிலிருந்து எழுந்து, வரிசையில் இருப்பவர்களின் கால்களைத் தாண்டி, வாசிப்பு மேசைக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொள்ள நாற்பது நொடி ஆகும். ஒன்பது பேருக்கு ஆறு நிமிடம், அதுவும் முழு நிசப்தத்தில். அடுத்து வாசிக்க வேண்டியவரை முன்வரிசை ஓரத்தில் உட்காரவையுங்கள். பாட்டின் கடைசி சரணம் தொடங்கும்போதே அவர் எழுந்துவிட வேண்டும். கடைசி சுரம் அடங்கும்போது மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் போதும், ஆராதனைக்கே வேறு முகம் வந்துவிடும்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் புரியும். 1880 கிறிஸ்துமஸ் முந்தின இரவில், இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில், தற்காலிக மரக் கட்டடமாக இருந்த பேராலயத்தில் பிஷப் எட்வர்ட் வைட் பென்சன் இதைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எரிக் மில்னர்-வைட் 1918இல் இதை எடுத்தாண்டார். அவர் முதல் உலகப் போரில் படைக் குருவாக இருந்துவிட்டுத் திரும்பியவர். 1928இல் வானொலியில் ஒலிபரப்பான பிறகு உலகமெங்கும் பரவியது. இதன் முதுகெலும்பு ஏதேனிலிருந்து பெத்லகேம் வரை போகும் ஒன்பது வாசிப்புகள். கேரல்கள் அதற்குப் பதில் சொல்பவை. நேரம் போதவில்லையென்றால் ஒரு கேரலை வெட்டுங்கள், வாசிப்பை வெட்டாதீர்கள்.

கிங்ஸ் கல்லூரி வரிசை இது: ஆதியாகமம் 3, ஆதியாகமம் 22, ஏசாயா 9, ஏசாயா 11, லூக்கா 1, லூக்கா 2இல் இரண்டு பகுதிகள், மத்தேயு 2, கடைசியாக யோவான் 1. முதல் வாசிப்பு கதையின் நடுவில் தொடங்குகிறது. "அவர்கள் கேட்டார்கள்" என்றால் யார் அந்த அவர்கள் என்று பின்வரிசைக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு வரித் தலைப்பு உண்டு, அதை விட்டுவிடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஏசாயா 11இல் "ஈசாய்" என்று வருவதைப் பலர் "ஏசாயா" என்றே வாசித்துவிடுவார்கள். லூக்கா 2இல் சிரேனியு என்ற பெயர் வரும் இரண்டாம் வசனத்தைக் கிங்ஸ் வரிசை தாண்டிப் போகிறது. உங்கள் வாசகர் தடுமாறுவார் என்றால் நீங்களும் தாண்டலாம், தப்பில்லை.

வாசகர்களைச் சிறியவரிலிருந்து பெரிய பொறுப்பில் இருப்பவர் வரை ஏறுவரிசையில் வைப்பது வழக்கம். பாடகர் குழுச் சிறுவன் தொடங்கினால் குருவானவர் யோவானை வாசித்து முடிப்பார். அந்தக் கடைசி வாசிப்புக்குச் சபை எழுந்து நிற்கும். இடையில் உள்ள ஏழு பேரைக் கமிட்டி உறுப்பினர்களாகவே நிரப்பிவிடாதீர்கள். கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்), ஞாயிறு பள்ளி ஆசிரியை, பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர், சபைக்குப் புதிதாக வந்த குடும்பத்தில் ஒருவர் என்று கலந்து போடுங்கள். அவர்களுடைய வீட்டாரும் வருவார்கள். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது மைக்கில் நின்று வாசித்துப் பழக வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் வாசிப்பது, முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்வது, இவ்வளவுதான் பயிற்சி.

இனி இசை. பன்னிரண்டு பேருக்கு நான்கு குரல் பாட்டு நான்கு வேண்டாம், ஒன்று போதும். மற்ற மூன்றில் ஒன்று எல்லோரும் ஒரே குரலில் பாடுவது, ஒன்று இரண்டு குரல், ஒன்று ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வரி கொடுக்கும் மூன்று குரல் அமைப்பு. ஒரே டெனரை நம்பி நான்கு பாட்டையும் வைத்தால், அவருக்கு ஜலதோஷம் பிடித்த அன்று நான்கும் போய்விடும். அக்டோபர் முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கினால் பத்து வாரத்துக்கு மேல் கிடைக்கும். கடைசி இரண்டு வாரம் பாட்டுகளை முழுதாகப் பாட வேண்டாம். ஒவ்வொன்றின் கடைசி இரண்டு வரி, எழுவது, உட்காருவது, அடுத்ததற்குச் சுருதி எடுப்பது என்று இணைப்புகளை மட்டும் ஓட்டுங்கள்.

ஆர்கன் இல்லாமல் பாடும்போது சின்னக் குழு சுருதி இறங்கும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களிலும், இறங்குவரிசையில் படிகளைப் பெரிதாக வைக்கும் இடங்களிலும்தான் இது நடக்கிறது. "இன்னும் மேலே" என்று கத்திப் பயனில்லை. அதே பாட்டை அரைச் சுரம் ஏற்றியோ இறக்கியோ பாடிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் வரிசையில் ஒரு தந்திரம் இருக்கிறது: துணையின்றிப் பாடும் கேரலுக்கு அடுத்து ஒரு வாசிப்பை வையுங்கள். உடனே ஆர்கன் தொடங்கினால்தான் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். நடுவே இரண்டு நிமிட வாசிப்பு வந்துவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

இந்தத் தந்திரம் செல்லாத இடம், குழு பாடிக்கொண்டே உள்ளே வரும் தொடக்க பவனி. கிங்ஸ் முறையில் முதல் சரணம் ஒரு சிறுவன் தனியாக, இரண்டாவது குழு துணையின்றி, மூன்றாவதில்தான் ஆர்கனும் சபையும் சேரும். சின்னக் குழுவுக்கு நான் சொல்வது, இரண்டாம் சரணத்திலேயே ஆர்கனை மெல்லச் சேர்த்துவிடுங்கள். தனிக்குரலுக்கு ஒரு பிள்ளையை மட்டும் தயார்செய்து வைக்காதீர்கள். இரண்டு மூன்று பேரைத் தயார்செய்து, யார் என்பதைக் கடைசி நேரத்தில் சொல்லுங்கள். கிங்ஸிலும் அதுதான் பழக்கம். பிள்ளைக்கு இரவெல்லாம் பயப்பட நேரம் கிடைக்காது, பெற்றோருக்கிடையே மனத்தாங்கலும் வராது.

ஆர்கன் வாசிப்பவர் கவனிக்க வேண்டியது, சபைக்காகக் காத்திருக்கக்கூடாது. முப்பது மீட்டர் தள்ளி இருப்பவர்களின் குரல் அவரை வந்து சேர ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அவர் அதைக் கேட்டுத் தாமதித்தால் சபை இன்னும் தாமதிக்கும், ஐந்தாம் சரணம் ஊர்ந்துபோகும். சரணங்களுக்கு இடையே விடும் இடைவெளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். குழாய் ஆர்கன் என்றால் இன்னொரு விஷயம்: ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் சுருதி மூன்று சென்ட் அளவு ஏறும் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு), உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு ஏறாது. காலியான குளிர்ந்த கட்டடத்தில் சுருதி கூட்டிவிட்டு, ஆள் நிறைந்த கட்டடத்தில் வாசித்தால் இரண்டும் ஒட்டாது. ஆராதனை நேரத்தில் இருக்கும் வெப்பத்திலேயே சுருதி கூட்டச் சொல்லுங்கள்.

மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் கையில் அச்சுத்தாள் பிடிக்காத நேரத்தில் மட்டும் ஏற்றுங்கள். ஒரு கையில் தாள், மறு கையில் தீ என்பது சரிவராது. எரியும் திரியை நேராகப் பிடித்து, எரியாததைச் சாய்த்துத்தான் பற்றவைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மெழுகு அடுத்தவர் கையில் கொட்டும். சிறு பிள்ளைகளுக்கு பேட்டரி விளக்கே போதும். விளக்கை அணைக்கும் திட்டம் இருந்தால் அச்சுத்தாளின் எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு பாட்டு நடுவில் பக்கம் திரும்பக்கூடாது. காணிக்கை எந்தப் பாட்டில், எதற்காக என்பதையும், எப்போது நிற்பது என்பதையும் தாளிலேயே அச்சடித்துவிட்டால் வாய்மொழி அறிவிப்பே தேவைப்படாது. பழைய பாடல் வரிகளுக்குப் பெரும்பாலும் காப்புரிமை முடிந்திருக்கும், ஆனால் புதிய இசையமைப்புகளுக்கு அப்படியல்ல. குழுவுக்கு ஒரே பிரதி வாங்கி நகலெடுப்பது சட்டப்படி தவறு.

தேதி குறிப்பதில் குருவானவரோடு சிறு உரசல் வரலாம். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் அட்வெந்து காலம் நவம்பர் 30க்கு மிக அருகில் உள்ள ஞாயிறில் தொடங்குகிறது. பலிபீடத்தில் ஊதா விரிப்பு இருக்கும்போது பிறப்பின் பாடல்களா என்று அவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. முதல் ஞாயிறில் காத்திருப்பின் பாடல்களோடு தனி அட்வெந்து ஆராதனை வைத்துவிட்டு, ஒன்பது பாடங்களைக் கூடியவரை 24ஆம் தேதிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த முதல் ஞாயிறு பாடகர் குழுவுக்கு விடுமுறை கொடுங்கள், சபைப் பாடல்களே போதும். ஆனால் அந்த ஓய்வு எத்தனை நாள் என்பதை ஈஸ்டர் தேதியைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். சீக்கிரம் வரும் ஆண்டில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். அப்படிப்பட்ட ஆண்டில் பெரிய வெள்ளிக்கான பாட்டுத்தாள்களை ஜனவரி இரண்டாம் வாரமே கையில் கொடுத்துவிட வேண்டியிருக்கும்.