அம்மாவின் விரலுக்குப் பணியும் பாட்டுப் பெட்டி

கேள்வி: முக்கூடலில் வசிக்கிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றும் என் அம்மாவுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது வழக்கம். ஆனால் செல்போனில் அவர் எத்தனை முறை தொட்டாலும் திரை அசைவதில்லை. தொட்டால் பாடும் பெட்டி ஒன்றைச் செய்ய ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியும் அதற்கான 7 அங்குலத் தொடுதிரையும் வாங்கலாமா? கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. 15 அங்குலச் சதுர மானிட்டருடன் பழைய கணினி ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கிறது.

பதில்: அந்தத் திரையை வாங்க வேண்டாம். செல்போனைப் போலவே அதுவும் கெபாசிட்டிவ் வகையைச் சேர்ந்தது; கண்ணாடிக்கு அடியில் உள்ள மெல்லிய மின்புலத்தில் விரல் உண்டாக்கும் மாற்றத்தைக் கொண்டே அது தொட்ட இடத்தை அறிகிறது. இலையை மடித்து மடித்துக் காய்த்து உலர்ந்துபோன விரல்நுனியில் அந்த மாற்றம் மிகக் குறைவு என்பதால், புதுத் திரையிலும் அம்மாவுக்குப் பெரும்பாலும் அதே ஏமாற்றம்தான் மிஞ்சும். ரேஷன் கடையின் கைரேகைக் கருவி முன்னால் பீடி சுற்றும் பெண்கள் படும் பாட்டை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அங்கே காரணம் ரேகையின் தேய்மானம், இங்கே தோலின் வறட்சி. இரண்டும் ஒரே உழைப்பின் தழும்புகள்.

உங்களுக்குத் தேவையானது, இருக்கும் மானிட்டரின் முன்னால் பொருத்தும் அகச்சிவப்புத் தொடுசட்டம். சட்டத்தின் இரு பக்கங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் எதிர்ப்பக்க உணரிகளுக்குச் சென்றுகொண்டே இருக்கும். அவற்றை எது மறைத்தாலும், அது உலர்ந்த விரலானாலும் பீடி இலையின் காம்பானாலும், தொட்டதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பியில் செருகினால் மவுஸைப் போல இயங்கும். செலவில் பெரும்பங்கு இதற்கே போகும் என்பதால் வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும்: 15 அங்குலச் சதுரத் திரை 4:3 விகிதம் கொண்டது, 15.6 அங்குல அகலத்திரைக்கான சட்டம் இதற்குப் பொருந்தாது. ஈ உட்கார்ந்தாலும் பாட்டு மாறக்கூடும், நேர் வெயில் பட்டால் உணரிகள் தடுமாறும். ஆகவே வாசல் திண்ணையைத் தவிர்த்து உள்ளறையில் வையுங்கள். புகையிலைத் தூசி சட்டத்தின் உள்விளிம்பில் படியும், வாரம் ஒரு முறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

வைக்கும் உயரத்தைப் பலரும் யோசிப்பதில்லை. அம்மா தரையில் அமர்ந்து மடியில் சொளகை வைத்துக்கொண்டு வேலை செய்பவர். பழைய மானிட்டர்கள் பெரும்பாலும் டிஎன் என்னும் எல்சிடி வகை. மேசைமேல் இருக்கும் திரையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் படம் கறுத்துத் தெரியும். ஆகவே தாழ்ந்த பலகையில், அவருடைய கை எட்டும் தூரத்தில், சற்றே பின்னால் சாய்த்துத் திரை அவர் முகத்தை நேராகப் பார்க்கும்படி வையுங்கள்.

மென்பொருளுக்குச் செலவில்லை. பழைய கணினியிலேயே லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த வடிவம் ஒன்றை நிறுவி, கணினி விழித்ததும் பிரவுசர் முழுத்திரையில் நீங்களே எழுதிய ஒரே ஓர் எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) பக்கத்தைத் திறக்கும்படி செய்தால் போதுமானது. பிரவுசரால் தானாகக் கோப்புறையைப் படிக்க முடியாது என்பதால் பாட்டுக் கோப்புகளின் பெயர்ப் பட்டியலை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். 128 கேபிபிஎஸ் தரமுள்ள எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாடல்கள் 2,000 இருந்தாலும் 10 ஜிபி தாண்டாது.

கரண்ட் போய் வந்தால் கணினி தானே எழ, பயாஸ் என்னும் தொடக்க அமைப்புத் திரையில் மின்சாரம் திரும்பியதும் இயங்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நில இணைப்புள்ள மூன்று முள் பிளக் கட்டாயம்; இல்லையேல் இரும்புக் கேபினட்டைத் தொடும் கைக்கு ஷாக் அடிக்கலாம். மிஞ்சும் பணத்தை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள், அதில் கையால் திருகும் வால்யூம் குமிழ் இருக்கட்டும். குமிழ் சிறியதாக இருந்தால் அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடையும் பட்டறை எதிலாவது பெரிதாக ஒன்று கடைந்து வாங்கலாம்.

சட்டம் வாங்குமுன் மவுஸை வைத்தே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. அகலத் திரையில், தொட்டால் பாடும் பெரிய படங்கள் ஆறுக்குமேல் வேண்டாம். அந்த ஆறும் எவையென்று அம்மாவிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.