பழைய கேமிங் கணினியை எப்போது மேம்படுத்துவது?

ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியும் (சிபியு) ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் அட்டையும் கொண்ட கணினி புதிய விளையாட்டுகளில் திணறுகிறது, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரின் வெக்கையில் சூடு மிஞ்சினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், முதலில் தூசியை அகற்றி செயலியின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் வெப்பப் பசையைப் புதுப்பியுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு. பிறகும் திணறினால், விளையாட்டின் தெளிவுத்திறனை (ரெசல்யூஷன்) குறைத்துப் பாருங்கள்: வேகம் கூடினால் குறை கிராபிக்ஸ் அட்டையில், கூடாவிட்டால் பெரும்பாலும் செயலியில். அட்டைதான் என்றால், கணினியின் மின்வழங்கி (பவர் சப்ளை) தாங்குமா என்று பார்த்து, கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் அதை மட்டும் வாங்கலாம்.

ஆனால் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் தலைமுறைச் செயலிகளை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே செயலியையும் மதர்போர்டையும் இப்போதே மாற்றுவதுதான் சரி என்பேன். பெட்டியையும் எஸ்எஸ்டியையும் வைத்துக்கொள்ளலாம்.