மடக்குக் கத்தி பற்றிக் கேளுங்கள்

இருபது வருடமாக என் சட்டைப்பையில் ஒரு சுவிஸ் மடக்குக் கத்தி இருக்கிறது. மூடியிருக்கும்போது 91 மில்லிமீட்டர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகையில் விரித்த பிளேடு பூட்டிக்கொள்ளாது. முனையை ஊன்றிக் குத்தினால் மடங்கி உங்கள் விரலைத்தான் வெட்டும்.

விமானத்தில் எடுத்துப் போகலாமா?
கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

எண்ணெய் எது போட?
வெந்நீரில் விரித்து மடக்கிக் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கார்க் திருகி நமக்கு எதற்கு? ஒயினா குடிக்கிறோம்?
நல்ல கேள்வி. 1891-ல் கார்ல் எல்சனர் என்ற கத்தி செய்பவர் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த சிப்பாய்க் கத்தியில் கார்க் திருகி கிடையாது. துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறக்க ஒன்று, துளைபோட ஊசி, ஒரு பிளேடு, அவ்வளவுதான். 1897-ல் வந்த 'அதிகாரி' கத்தியில்தான் திருகி ஏறியது. அதை ராணுவம் கொடுக்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். நான் அதில் ஒயின் திறந்ததே இல்லை. இறுகிப்போன கயிற்று முடிச்சுக்குள் முனையைத் திருகி இழுத்துப் பாருங்கள், நகம் பிய்யாமல் அவிழும். அந்தச் சுருளுக்குள் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரைச் செருகி வைக்கலாம். மூக்குக் கண்ணாடி கழன்றால் அதுதான் தெய்வம்.

நான் எலக்ட்ரீஷியன். திருகிக்குப் பதில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வைத்த மாடல்தான் வேலைக்கு ஆகும்.
அதே கத்தியில் டப்பா திறப்பானின் நுனியைப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூவில் அது உட்காரும். அப்புறம் எதற்கு இன்னொன்று?

பள்ளத்துக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு அது எட்டாது, சார். முடிச்சை ஊசியாலும் அவிழ்க்கலாம்.
எட்டாது என்பது சரி. ஆனால் ஊசியின் ஓரம் கூர்மை, கயிற்றை அறுத்துவிடும். உங்கள் தொழிலுக்கு ஸ்டார் மாடல், எனக்குத் திருகி. கத்தியின் பிடிக்கு மின்காப்பு இல்லை, மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

துபாய் போகிறேன், கைப்பையில்...
மேலே பாருங்கள்.

குறடு வைத்த மல்டிடூல் நல்லதா?
1975-ல் பழைய காரில் ஐரோப்பா சுற்றிய டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கரிடம் மடக்குக் கத்தி இருந்தது, குறடு இல்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த கருவி 1983-ல்தான் விற்பனைக்கு வந்தது. பைக், பம்ப்செட், கம்பி வேலை என்றால் அதை வாங்குங்கள். சட்டைப்பை தொங்கும், பெல்ட்டில் மாட்டுங்கள். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, சிலாம்பு எடுக்க என் கத்தி போதும்.

பிளேடு முனை உடைந்துவிட்டது. பெயிண்ட் டப்பாவை நெம்பினேன்.
நெம்புவதற்கு பாட்டில் திறப்பானின் தட்டை நுனி இருக்கிறதே! சாணைக்கல்லில் முதுகுப் பக்கமாகத் தேய்த்துப் புது முனை எடுங்கள். கூர் பக்கம் கை வைக்காதீர்கள்.

58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியைக் கூடவா கைப்பையில் விடமாட்டார்கள்?
செக்-இன்.

டப்பா திறப்பான் வழுக்குகிறது.
கொக்கியை விளிம்புக்கு வெளியே, அடியில் மாட்டிப் பிடியை மேலே தூக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னோக்கி நகருங்கள். பின்னால் இழுத்திருப்பீர்கள்.