மிட்வைப் தேடி வராத ஊர்

தம்பி, உங்கள் கேள்வியை கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருக்கிறேன். நீங்களோ முரசுமோட்டையை விட்டு விசிட்டர் விசாவில் போய், கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்டில் இரண்டு மாதமாக இருக்கிறீர்கள். மனைவிக்கு நான்கு மாதம். அகதிக் கோரிக்கைக்கான கடதாசிகளை வழக்கறிஞர் இன்னும் தயாரித்து முடிக்கவில்லை. ஓஹிப் அட்டையும் (ஒன்ராறியோ மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி அட்டை) இல்லை, வேறு காப்புறுதியும் இல்லை. டொக்டரிடம் போனால் ஆயிரக்கணக்கில் பில் வரும், குடிவரவுக்காரருக்கும் அறிவித்துவிடுவார்கள் என்று அறையில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு, இன்றுவரை மனைவியை ஓரிடத்திலும் காட்டவில்லை. எங்கே காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பில் விஷயத்தில் அவர் சொன்னது பாதி சரி. குடிவரவைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடுங்கள். நோயாளியின் விபரத்தைக் காக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் 2004ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஆள் காட்டிக் கொடுப்பது மருத்துவ நிலையத்தின் வேலை அல்ல.

இன்று காலை அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீனி வருத்தமும் பிரசரும். ஐந்தரைக்கே வெறுவயிற்றோடு வரிசையில் நின்றோம். ஷொப்பிங் பைக்குள் சுற்றிய கிளினிக் கொப்பி, ஓரம் கிழிந்து எண்ணெய் பிடித்தது. பதினொரு மணிக்கு மருந்துகளைச் சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் எண்ணிப் போட்டுக் கொடுத்தார்கள். முதுகு முறிந்துபோனது, ஆனால் ஒரு சதமும் கேட்கவில்லை. நீங்கள் யார், எந்த அட்டை வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. உங்கள் மனைவி இங்கே இருந்திருந்தால் இதற்கிடையில் மிட்வைப், அதாவது ஊர் மருத்துவிச்சி, ஸ்கூட்டியில் படலைக்கு வந்து, பெயரைப் பதிந்து, கர்ப்பிணி அட்டை கொடுத்து, திரிபோஷா சத்துமா பக்கெட்டையும் கையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். எங்கள் ஆட்கள் அங்கே போய் இடறுவது இந்த இடத்தில்தான். கனடாவில் உங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் படலையைத் தட்ட வேண்டும்.

எந்தப் படலை என்றால், முதலில் சமூகச் சுகாதார நிலையம். அங்கே டொக்டர்மார் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள், ஆளுக்கு ஆள் பில் போடுவதில்லை. அதனால் ஓஹிப் இல்லாதவரையும் பார்க்க முடிகிறது. நேர்ஸ், சமூகப் பணியாளர், உணவு ஆலோசகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனக்கென்று ஒரு எல்லை உண்டு, காத்திருப்புப் பட்டியலும் இருக்கலாம். 'இடமில்லை' என்று சொன்னால் போனை வைத்துவிடாதீர்கள். கர்ப்பம் என்று சொல்லுங்கள், வேறு எங்கே போகலாம் என்றும் கேளுங்கள். காப்புறுதி இல்லாதவர்களையும் அகதிகளையும் இலவசமாகப் பார்க்கும் தொண்டர் கிளினிக் ஒன்றும் ஸ்காபுறோவிலேயே 20 வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. 211ஐ அழைத்தால் இந்த இடங்களின் விபரத்தைச் சொல்வார்கள். 811இல் இரவு பகல் எந்நேரமும் நேர்ஸுடன் பேசலாம்.

இரண்டாவது படலை, மிட்வைப். அங்கே அவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்துப் பதிவு பெற்றவர்கள், பிரசவமும் அவர்களே பார்ப்பார்கள், பிறந்து ஆறு கிழமை வரை தாயையும் பிள்ளையையும் கவனிப்பார்கள். ஒன்ராறியோவில் வசிப்பவர் என்றால் ஓஹிப் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் இடம் கெதியாக நிரம்பிவிடும், நான்கு மாதம் என்பதே சற்றுப் பிந்தித்தான். நாளைக்கே அழையுங்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறு கதை. அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கொரோனா நேரம் காப்புறுதி இல்லாதவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை மாகாணம் கொடுத்தது உண்மை. அது 2023 மார்ச் 31உடன் நின்றுவிட்டது. 'எல்லாம் இலவசம், சும்மா போ' என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. ஆனால் இரத்தம் படுகிறது, கடும் தலையிடி, கண் மங்குகிறது, முகம் வீங்குகிறது என்றால் பில்லை நினைத்து வீட்டில் இருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது. காசைப் பிறகு தவணையில் பேசிக்கொள்ளலாம்.

அகதிக் கோரிக்கையைக் கொடுத்து, அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட கடதாசி கைக்கு வந்ததும் மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். டொக்டர், ஆஸ்பத்திரி, பிரசவம் எல்லாம் அதில் அடங்கும். எல்லா டொக்டரும் அதில் பதிந்திருப்பதில்லை, போகுமுன் கேளுங்கள். வழக்கறிஞரையும் கொஞ்சம் நெருக்குங்கள், அந்தக் கடதாசி வந்த நாளுக்கு முந்திய பில்லை அது கட்டாது. பிள்ளை அங்கே பிறந்தால் கனடியப் பிரஜை, ஓஹிப்பும் கிடைக்கும். உங்கள் வீட்டில் முதல் அட்டை அந்தச் சின்னவருக்குத்தான்.

நான் 2004 கார்த்திகையில் கனடாவுக்குப் போனேன். சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும். ஊரிலிருந்து கொண்டுபோன பனடோலைப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் கிடந்தேன். ஒரு கிளினிக்கில் அட்டை கேட்டார்கள், இல்லையென்றதும் ஒரு தொகை சொன்னார்கள், பனிக்குள் திரும்பி நடந்தேன். மேல்மாடியில் இருந்த கயானா நாட்டு அம்மாதான் கையைப் பிடித்துச் சமூக நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மருந்தும் தந்து, திரும்பிப் போக பஸ்ஸுக்கு இரண்டு டோக்கனும் தந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கத்தில் அழுதேன். எதற்கு வெட்கம்? கிளிநொச்சியில் வரிசையில் நின்று மருந்து வாங்கும்போது ஒருநாளும் வெட்கப்பட்டதில்லையே!

இன்னும் இரண்டு விஷயம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், நீங்கள் மொழிபெயர்க்க நிற்காதீர்கள். மனைவிக்கு உங்கள் முன்னால் சொல்ல முடியாதவை இருக்கலாம். அடுத்தது வன்னி ஆட்களுக்கு மட்டும். உங்கள் இருவரில் யாருடைய உடம்பிலாவது போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு இருந்தால் முதல் நாளே சொல்லிப் பதிவியுங்கள். எங்கே என்றும் காட்டுங்கள். அம்மாவின் தொடையில் ஒன்று 2009இலிருந்து இருக்கிறது, அவருக்கு அது மறந்தே போய்விட்டது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் காந்தம், அது மறக்காது.

வீட்டு அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள், முழு முகவரி வேண்டாம். எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறீர்கள் என்று இன்றிரவே பார்த்துச் சொல்கிறேன். உங்களுக்கு அப்போது காலை, அழைக்க நேரம் சரியாக இருக்கும்.