வாசகர் கேள்வி பதில்: பெக்கி ஆஷ்கிராஃப்ட்டின் தொடக்க ஆண்டுகள்

எங்கள் நீலகிரி மலை ரயிலில் படமாக்கப்பட்ட காட்சிகள் உள்ள ‘எ பேசேஜ் டு இந்தியா’ திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அதில் திருமதி மூர் வேடத்தில் வரும் பெக்கி ஆஷ்கிராஃப்ட்டுக்கு 77 வயதில் ஆஸ்கர் கிடைத்ததாக அறிகிறேன். அதுவரை அவர் எங்கே இருந்தார்? முதுமையில்தான் நடிக்க வந்தாரா?
– ஒரு வாசகர், குன்னூர்

டேவிட் லீன் இயக்கிய அந்தப் படம் 1984இல் வெளிவந்தது. மறு ஆண்டு சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது ஆஷ்கிராஃப்ட்டுக்குக் கிடைத்தபோது, அவர் முதன்முதலாகத் தொழில்முறை மேடையில் ஏறி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகத் திரைப்பட ரசிகர்களில் பலருக்கு அவர் புதுமுகமாகத் தெரிந்தாலும், லண்டன் நாடக ரசிகர்களுக்கு அவர் 1930ஆம் ஆண்டிலிருந்தே முதல் வரிசை நடிகை. திரையைத் தேடிப் போகாமல் மேடையிலேயே தம் ஆற்றலைச் செலவிட்ட காரணத்தால்தான் நாம் அவரை இத்தனை தாமதமாக அறிந்துகொண்டோம்.

அவர் 1907ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், லண்டனுக்குத் தெற்கே உள்ள குரோய்டனில் பிறந்தார். நிலங்களை நிர்வகிக்கும் முகவராக இருந்த தந்தை முதல் உலகப்போரில் 1918இல் உயிரிழந்தார். தாய், தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் நடித்தவர். எல்சி ஃபோகர்ட்டி என்ற புகழ்பெற்ற குரற்பயிற்சி ஆசிரியையிடம் பாடம் கேட்டவர். அதே ஆசிரியை நடத்திய சென்ட்ரல் ஸ்கூல் என்ற நடிப்புப் பள்ளியில் மகளும் பதினாறு வயதில் சேர்ந்தார். ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற பெரிய இசையரங்கின் அறைகளில்தான் அப்போது அந்தப் பள்ளியின் வகுப்புகள் நடந்தன. உடன் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியர். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிக’னின் நீதிமன்றக் காட்சியில் ஒலிவியர் ஷைலக்காகவும் ஆஷ்கிராஃப்ட் போர்ஷியாவாகவும் நடித்ததைப் பார்த்த நடுவர், நடிகை அத்தீன் செய்லர், முதற்பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தார்.

அந்தப் பள்ளி குரலையும் உச்சரிப்பையும் செம்மைப்படுத்தியதே தவிர, ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் எப்படி நுழைவது என்பதைக் கற்பிக்கவில்லை என்ற குறை ஆஷ்கிராஃப்ட்டுக்கு இருந்தது. ஆகவே மாணவப் பருவத்திலேயே ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் தன்வரலாற்றைத் தேடிப் படித்தார். ஒரே குழுவாக நெடுங்காலம் சேர்ந்து உழைக்கும் நடிகர்களால்தான் உயர்ந்த நாடகம் பிறக்க முடியும் என்ற எண்ணம் அந்தப் படிப்பிலிருந்து அவருக்குள் வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் விளக்கம் இந்த ஓர் எண்ணத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

அவர் நடித்த முதல் தொழில்முறை நாடகம் எது?
– ஒரு வாசகி, திருச்சி

1926இல் பர்மிங்ஹாம் ரெப்பர்ட்டரி அரங்கில் மேடையேறிய ‘டியர் புரூட்டஸ்’. எழுதியவர் ஜே.எம். பேரி. நடிப்புப் பள்ளிப் படிப்பு முடிவதற்கு முன்பே கிடைத்த அந்த வாய்ப்பில், பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய நடிகர்களில் ஒருவராக உயர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட்சனோடு நடித்தார். அதே ஆண்டில் தாயையும் இழந்தார். அடுத்த ஆண்டு லண்டனுக்கு வந்தவர், சிறு அரங்குகளிலும் சிறு வேடங்களிலும் சில காலம் கழித்தார்.

கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன் லண்டனில் ஒதெல்லோவாக நடித்தபோது டெஸ்டிமோனாவாக நடித்தவர் இவர்தானா? அந்த நாடகம் பெரும் சலசலப்பை உண்டாக்கியது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விரிவாக எழுதுங்கள்.
– கல்லூரி ஆசிரியர் ஒருவர், மதுரை

அவரேதான். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில், கறுப்பினப் படைத்தலைவன் ஒதெல்லோவை மணக்கும் வெள்ளைக்காரப் பெண்தான் டெஸ்டிமோனா. அதற்குச் சற்று முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 1929இல் ‘ஜூ சூஸ்’ என்ற நாடகத்தில், காமுகனான பிரபுவிடமிருந்து தப்பியோடி உயிர்விடும், கதைத்தலைவன் சூஸின் மகள் நவோமியாக நடித்தபோதுதான் லண்டன் விமர்சகர்கள் ஆஷ்கிராஃப்ட்டைக் கூர்ந்து கவனித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் சவாய் அரங்கில் ‘ஒதெல்லோ’ மேடையேறியது. தயாரித்தவர் மாரிஸ் பிரவுன். வில்லன் இயாகோவின் வேடத்தையும் அவரே ஏற்றுக்கொண்டார். இயக்கியவர் எல்லன் வான் வோல்கன்பர்க். எமிலியாவாக சிபில் தார்ன்டைக், ரொடரிகோவாக ரால்ஃப் ரிச்சர்ட்சன். ஆஷ்கிராஃப்ட்டுக்கு அப்போது வயது 22.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் லண்டனில் ஒதெல்லோவாக நடித்திருந்தார். அவருக்குப் பிறகு அந்த நகரின் முக்கிய மேடையொன்றில் அந்த வேடம் பெரும்பாலும் முகத்தில் கரிபூசிய வெள்ளையர்களுக்கே உரியதாக இருந்தது. இந்த நிலையில் ராப்சன் அந்த வேடத்தை ஏற்கிறார் என்ற செய்தி வந்ததும், மேடையில் ஒரு கறுப்பரை முத்தமிடுவது பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பத்திரிகையாளர்கள் இந்த இளம்பெண்ணைத் துளைத்தார்கள். ராப்சனைப் போன்ற ஒரு மாபெரும் கலைஞரோடு நடிப்பதைத் தாம் பேறாகக் கருதுவதாக அவர் பதிலளித்தார். வசைகள் நிறைந்த அஞ்சலட்டைகளும் அவரைத் தேடி வந்தன. ராப்சனின் நிலை இன்னும் கடினமானது. வெள்ளைக்காரப் பெண்ணை ஒரு கறுப்பர் தொட்டால் உயிரே போகக்கூடிய நாடான அமெரிக்காவிலிருந்து வந்த அவர், தொடக்க நாட்களில் டெஸ்டிமோனாவை நெருங்க அஞ்சி மேடையில் பின்வாங்கிக்கொண்டே இருந்ததாகப் பின்னர் ஒளிக்காமல் சொன்னார். அமெரிக்காவின் பிராட்வே அரங்கில் அவர் அதே வேடத்தை வெள்ளை நடிகர்களோடு சேர்ந்து ஏற்பதற்கு 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடகமாக அது குறையற்ற படைப்பு அன்று. ஷேக்ஸ்பியர் நாடகங்களை இயக்கிப் பழகாத இயக்குநர் மேடையை ஒரே இருட்டாக்கி வைத்திருந்தார். வழி தெரிவதற்காக ரிச்சர்ட்சன் சட்டைக் கைக்குள் டார்ச் விளக்கு ஒன்றை மறைத்து வைத்திருந்தார் என்றுகூட நாடக உலகில் சொல்வார்கள். ஆனால் அந்த இருட்டிலும் ஆஷ்கிராஃப்ட் தனித்துத் தெரிந்தார். பார்வையாளராக அமர்ந்திருந்த இளம் நடிகர் ஜான் கீல்குட், செனட் சபைக் காட்சியில் அவர் உள்ளே வந்தபோது அரங்கின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கியதைப் போல் இருந்தது என்று பின்னர் எழுதினார். தந்தையின் முன்னிலையிலும் சபையினர் முன்னிலையிலும் தான் தேர்ந்த கணவனுக்காகப் பேசும் அந்தப் பெண்ணின் சொற்களை, நடிப்பு என்றே தோன்றாத எளிமையோடும் உறுதியோடும் பேசியதுதான் அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த எளிமை அவருடைய எல்லா வேடங்களிலும் தொடர்ந்தது.

அந்த நாடகம் அவருடைய அரசியல் கண்களையும் திறந்தது. சவாய் அரங்கை ஒட்டியே சவாய் ஓட்டல் இருக்கிறது. நாடகத்துக்கு முந்தைய ஆண்டு, அந்த ஓட்டலின் உணவகத்தில் ராப்சனுக்கு அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டிருந்தது. ஓர் அரங்கின் மேடையில் கதாநாயகனாகக் கைதட்டல் பெறும் மனிதருக்குப் பக்கத்து வாசலில் சோறு கிடையாது என்ற உண்மை ஆஷ்கிராஃப்ட்டை ஆழமாகத் தைத்தது. வாழ்நாள் முழுவதும் மனித உரிமைக்கான இயக்கங்களோடு அவர் துணிந்து நின்றதை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் வித்து 1930இல் விழுந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களோடு அவர் ஏன் நடித்தார்? ஓல்ட் விக் அரங்கில் அவர் பெற்ற அனுபவத்தையும் விளக்குங்கள்.
– நாடகக் கலை மாணவி, புதுச்சேரி

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நாடகச் சங்கத்தில் மாணவிகளுக்கு அப்போது நடிக்க அனுமதி இல்லாததால், பெண் வேடங்களுக்குத் தொழில்முறை நடிகைகளை வெளியிலிருந்து அழைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. 1932இல் சங்கம் ‘ரோமியோ ஜூலிய’ட்டை மேடையேற்ற முடிவுசெய்து, அதுவரை எந்த நாடகத்தையும் இயக்கியிராத கீல்குட்டை இயக்குநராக அழைத்தபோது, அவர் ஜூலியட்டாக ஆஷ்கிராஃப்ட்டையும் செவிலியாக ஈடித் எவன்ஸையும் வரவழைத்தார். உடைகளை வடிவமைத்தவர்கள் மாட்லி என்ற பெயரில் கூட்டாக இயங்கிய மூன்று இளம்பெண்கள். இந்தக் கூட்டணிதான் அடுத்த பத்தாண்டுகளில் லண்டன் மேடையின் தோற்றத்தை மாற்றியது. நாடகம் முடிந்து நன்றி கூற வந்த கீல்குட், இத்தகைய இரு நடிகைகளை இனிச் சந்திக்கும் பேறு தமக்கு வாய்க்குமா என்று சொல்ல நினைத்து, இனி ஒருபோதும் சந்திக்கக் கூடாது என்று நம்புவதாக வாய்தவறிச் சொல்லிவிட்ட நிகழ்ச்சி, நாடகக்காரர்கள் இன்றும் அன்போடு நினைவுகூர்வது.

ஓல்ட் விக் அரங்குதான் அவருக்கு உண்மையான பல்கலைக்கழகம் என்பேன். தேம்ஸ் நதிக்குத் தெற்கே, உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில், குறைந்த கட்டணத்தில் ஷேக்ஸ்பியரையும் ஓப்பராவையும் வழங்கிய அரங்கு அது. அதை நடத்திய லிலியன் பேலிஸ் அம்மையார் நடிகர்களுக்குத் தந்த ஊதியம் மிகக் குறைவு. ஆனால் அவர் தந்த வேடங்களைப் பணக்கார அரங்குகளால் தர இயலாது. 1932–33 பருவத்தில், ஹார்கோர்ட் வில்லியம்ஸின் தலைமையில், ஆஷ்கிராஃப்ட் ஏற்ற வேடங்களைப் பாருங்கள்: பெர்னார்ட் ஷாவின் கிளியோபாட்ரா, ஷேக்ஸ்பியரின் இமோஜன், ரோசலிண்ட், போர்ஷியா, பெர்டிட்டா, மிராண்டா, ஜூலியட், கோல்ட்ஸ்மித்தின் கேட் ஹார்ட்காசில், ஷெரிடனின் லேடி டீசில், இவற்றோடு மேரி ஸ்டூவர்ட். ஒரு நாடகம் இரவில் மேடையில் நடக்கும்போதே அடுத்த நாடகத்தின் ஒத்திகை பகலில் நடக்கும். சில வாரங்களில் அதுவும் மேடைக்கு வந்துவிடும். 25 வயதுக்குள் ஒரு நடிகை இத்தனை பெரிய வேடங்களை ஒரே பருவத்தில் சுமந்தார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. அந்த வேகத்தில் எந்தப் பாத்திரத்தையும் அடி ஆழம் வரை தோண்டிப் பார்க்க நேரம் போதாது. அந்தப் போதாமையை உணர்ந்ததால்தான் நீண்ட ஒத்திகை வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் விடாமல் வலியுறுத்தினார். நீங்கள் நாடக மாணவி என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இளமையில் அவர் திரைப்படங்களில் நடிக்கவே இல்லையா?
– ஒரு வாசகர், கோவை

நடித்தார், மிகக் குறைவாக. 1933இல் ‘தி வாண்டரிங் ஜூ’, 1935இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’, 1936இல் ‘ரோட்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’. இவற்றில் ஹிட்ச்காக்கின் படத்தைக் கட்டாயம் பாருங்கள். காவல்துறைக்குத் தப்பி ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் அலையும் நாயகன், ஒரு குடியானவரின் வீட்டில் ஓர் இரவு தங்குகிறான். கடுமையும் சந்தேகமும் நிறைந்த முதிய கணவனோடு வாழும் இளம் மனைவிதான் ஆஷ்கிராஃப்ட். நகரத்திலிருந்து வந்த பெண் அவள். நகரத்தின் ஒளி நிறைந்த தெருக்களைப் பற்றிக் கேட்கும்போது முகத்தில் தோன்றும் ஏக்கமும், கணவன் உள்ளே வந்தவுடன் அது சட்டென்று மறைந்துபோவதும் சில நொடிகளில் ஒரு வாழ்க்கையையே சொல்லிவிடுகின்றன. கணவனின் மேல்கோட்டை நாயகனுக்குக் கொடுத்துத் தப்ப வைக்கிறாள். அந்தக் கோட்டுப் பையில் இருந்த பாடல் புத்தகம்தான் பின்னர் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கிறது. கொடுத்ததற்காக அவள் அடிபடுகிறாள். படத்தில் அவர் வருவது சில நிமிடங்களே. ஆயினும் படத்தின் மிகுந்த மனிதத்தன்மை கொண்ட பகுதி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அத்தனை திறமை இருந்தும் அவர் அந்தப் பாதையில் தொடர்ந்து செல்லவில்லை. ஒரு பாத்திரத்தை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, பிறகு இரவுக்கு இரவு பார்வையாளர்கள் முன்னால் வளர்த்தெடுக்கும் உழைப்பில்தான் அவருக்கு நிறைவு இருந்தது.

ஒரே நாடகத்தில் ஒலிவியரும் கீல்குட்டும் மாறி மாறி ரோமியோவாக நடித்தார்களாமே? ஜூலியட் யார்? அதற்குப் பின் அவர் என்ன செய்தார்?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

1935 அக்டோபரில், இன்று நோயல் கவர்ட் அரங்கு என்ற பெயரோடு இருக்கும் அன்றைய நியூ தியேட்டரில், கீல்குட் மீண்டும் ‘ரோமியோ ஜூலிய’ட்டை இயக்கினார். முதலில் ஒலிவியர் ரோமியோ, கீல்குட் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ. சில வாரங்களுக்குப் பின் இருவரும் வேடங்களை மாற்றிக்கொண்டார்கள். செவிலியாக ஈடித் எவன்ஸ். இரு ரோமியோக்களுக்கும் ஜூலியட்டாக நின்றவர் ஆஷ்கிராஃப்ட்தான். நாடகம் 186 முறை நடைபெற்று, அந்த நாடகத்துக்கு அதுவரை இல்லாத சாதனையைப் படைத்தது. ஒலிவியர் கவிதையைக் கெடுத்துவிட்டார் என்றும் கீல்குட்டிடம் உடல்வேகம் போதாது என்றும் விமர்சகர்கள் பிரிந்து நின்று வாதாடினார்கள். ஒருவர் இசையாகப் பேச, மற்றவர் குருதிச் சூட்டோடு பேச, இருவருக்கும் ஏற்பத் தம் ஜூலியட்டை நுட்பமாகத் தகவமைத்த நடிகையைப் பற்றி அந்த வாதத்தில் அதிகம் பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அடுத்த ஆண்டு, ரஷ்ய இயக்குநர் கோமிசார்ஜெவ்ஸ்கி இயக்கிய செகாவின் ‘கடற்பறவை’யில் நீனாவாக நடித்தார். 1937இல் நியூயார்க்குக்குச் சென்று ‘ஹை டோர்’ நாடகத்தில் நடித்துத் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் கீல்குட் குயின்ஸ் அரங்கில் ஒரு நிலையான குழுவை அமைத்து நான்கு நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார். நான்கிலும் ஆஷ்கிராஃப்ட் இடம்பெற்றார். அவற்றுள் செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தை இயக்கிய பிரெஞ்சுக்காரர் மிஷேல் சான் டெனி, வழக்கமாகக் கிடைக்கும் மூன்று நான்கு வாரங்களை ஏற்காமல், அதைப்போல் இரண்டு மடங்கு காலம் ஒத்திகை நடத்தினார். இளைய சகோதரி இரீனாவாக ஆஷ்கிராஃப்ட் நடித்தார். மாணவப் பருவத்தில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பக்கங்களில் படித்த குழுநாடகம் தம் மொழியில், தம் நகரில் நடக்க முடியும் என்பதை அவர் நேரில் கண்டது 1938 ஜனவரியில் மேடையேறிய அந்த நாடகத்தில்தான். 1960களின் தொடக்கத்தில் இளம் இயக்குநர் பீட்டர் ஹால், நடிகர்களை நீண்டகால ஒப்பந்தத்தில் சேர்த்து ராயல் ஷேக்ஸ்பியர் குழுவை உருவாக்க முனைந்தபோது, பெரிய நடிகர்களில் முதலில் அவரோடு கைகோத்தவர் ஆஷ்கிராஃப்ட். சான் டெனியும் அந்தக் குழுவின் தலைமைப் பொறுப்பில் ஒருவராக வந்து சேர்ந்தார்.