விடுகைப் பத்திரம் எடுக்க அவசரப்படாதீர்கள்

நிலாவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 12 வயது, 7ஆம் தரம். திக்கிப் பேசுவதால் வகுப்பில் கேலி. காலையில் சப்பாத்தைக் கண்டாலே அழுகிறான். வீட்டில் வைத்துப் படிப்பிக்கச் சட்டம் இடம் தருமா? 60,000 ரூபா தந்தால் ‘வீட்டுப் பாடசாலைப் பதிவு’ எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. பிள்ளையை வீட்டில் படிப்பிக்கும் உரிமையை விற்க எந்தத் தரகருக்கும் அதிகாரமில்லை. முத்திரை குத்திய தாளை லமினேட் செய்து நீட்டுவார்கள். கிராம சேவகர் வாசலில் வந்து கேட்கும் நாளில் அவர்களுடைய தொலைபேசி வேலை செய்யாது. ‘ஹோம் ஸ்கூல் நிலையம்’ என்று பலகை மாட்டிய டியூட்டரிகளும் இதே ரகம்தான். அங்கே சேர்த்துவிட்டதால் பிள்ளை பாடசாலையில் படிப்பதாக ஆகிவிடாது.

இனி இலங்கைச் சட்டம். 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை. 1997இல் 14 வயது வரை என்றிருந்த ஒழுங்குவிதி 2016இல் 16 வரை நீண்டது. ஆனால் பிள்ளைக்குப் போதியதும் பொருத்தமானதுமான வேறு கல்வி ஏற்பாடு செய்திருக்கும் பெற்றோருக்கு அதிலேயே விலக்கு உண்டு. உங்களுக்கான கதவு அதுதான்.

அந்த விலக்கைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மாலையில் ஒரு மணிநேர டியூஷன் ‘ஏற்பாடு’ ஆகாது. நாள்தோறும் என்ன பாடம், யார் சொல்லிக்கொடுக்கிறார், எந்தப் புத்தகம் என்று ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதுங்கள். பிள்ளை எழுதிய தாள்களைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். யாராவது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிட்டு, பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கோப்புத்தான். ‘போதியது’ என்றால் எவ்வளவு என்று சாதாரணத் தாய்க்கு விளங்கும் தமிழில் கல்வி அலுவலகங்கள் ஒரு பக்கம் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஒரு யன்னலில் கேட்டால் அடுத்த யன்னலைக் காட்டுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் தரகர் கதிரை போட்டு உட்காருகிறார்.

பரீட்சையை நினைத்துப் பயப்பட வேண்டாம். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். 15 வயதானதும் அடையாள அட்டைக்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் ஊடாக நடக்கும் அந்த வேலை உங்களுக்குக் கிராம சேவகர் ஊடாக நடக்கும்.

ஆனால் பாடசாலையிலிருந்து பெயரை நீக்கித் தரும் விடுகைப் பத்திரத்தை இன்று எடுக்காதீர்கள். எடுத்த பின் மனம் மாறினால் இடைத்தரத்தில் இடம் தேடி அலைய வேண்டிவரும். கேலி செய்கிறவர்களும் அதைத் தடுக்காதவர்களும் அங்கேயே இருக்க, உங்கள் மகன் ஏன் பெயர் வெட்டுப்பட வேண்டும்? நடந்ததைத் திகதியோடு எழுதி அதிபருக்குக் கொடுங்கள். பிரதி ஒன்றைத் திருகோணமலை வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுங்கள். வேறு பாடசாலைக்கு மாற்றமும் அதே கடிதத்தில் கேளுங்கள். இரண்டு இடத்திலும் உங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்று முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.